கார் தானாக ஓடவில்லை

பாரிசில் லாச்சப்பலில் இருந்து ஸ்டாலின்கிராட் வரைக்கும் உள்ள தெருக்களில், நம்மவர் கடைகளுக்கு முன்னால் நின்று கதைக்கும்போது இப்போது அடிக்கடி காதில் விழும் ஒரு வாதம் இருக்கிறது. புதுக் கார் எடுத்தவர் சொல்கிறார், பக்கத்தில் நிற்பவர் தலையாட்டுகிறார். “இரண்டு பெக் எடுத்தால் என்ன அண்ணை? ஓட்டோபைலட்டில போட்டால் அது கொண்டுபோய் வீட்டில விடும். நான் ஓடாத காருக்குப் பொலிஸ் எனக்கு எப்படி வழக்குப் போடலாம்?”

படித்தவர்கள் இதையே கொஞ்சம் திருத்தமாகச் சொல்கிறார்கள். இயந்திரம் குடிப்பதில்லை, அதற்குத் தூக்கம் வராது, கோபம் வராது. குடித்தவர் தானே ஓடுவதைவிட இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு இருப்பது நல்லதுதானே? அப்படியானால் குடித்துவிட்டு ஓடுவதற்கான சட்டம் பழைய காலத்துக் காருக்கு எழுதியது, அதை மாற்ற வேண்டும் என்கிறார்கள். வெள்ளைக்காரர் மத்தியிலும் இந்தப் பேச்சு உண்டு. அமெரிக்காவில் பிடிபட்டவர்கள் பொலிஸிடமே இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வாதம் அடியிலிருந்தே பிழை. இதைக் கேட்டுத் தலையாட்டுபவர்களுக்காகவும், அவர்களுடைய காருக்கு முன்னால் வீதியைக் கடக்கப்போகும் யாரோ ஒருவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வாகனத் தானியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம்மவர் வாங்கும் டெஸ்லாவின் ஓட்டோபைலட்டும், மற்றக் கொம்பனிகள் வேறு வேறு பெயரில் தரும் இதேமாதிரி வசதிகளும் இரண்டாம் படியைச் சேர்ந்தவை. அந்தப் படியில் கார் தன் பாதைக் கோட்டுக்குள் நிற்கும், முன்னால் போகும் வாகனத்துக்கு இடைவெளி விட்டுப் போகும். வீதியைப் பார்ப்பதும், என்ன நடக்கப்போகிறது என்று கணிப்பதும், கார் பிழைவிட்டால் அதே கணத்தில் பிரேக்கை மிதிப்பதும் உங்கள் வேலை. காருடன் வரும் கைநூலில் கொம்பனியே இதை எழுதித்தான் தருகிறது. ஸ்டியரிங்கில் கை இருக்கிறதா, கண் வீதியில் இருக்கிறதா என்று கார் திரும்பத் திரும்பக் கேட்பதும் இதற்காகத்தான்.

“நான் ஓடேல்லை” என்பவருக்குப் பிரெஞ்சுச் சட்டம் எப்போதோ பதில் எழுதி வைத்திருக்கிறது. இங்கே பிள்ளைகள் 15 வயதிலிருந்து பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார் ஓடிப் பழகலாம். எத்தனையோ அப்பாமார் ஞாயிற்றுக்கிழமைகளில் மகனையோ மகளையோ ஓடவிட்டு, பக்கத்து இருக்கையில் இருந்து போகிறார்கள். அவர் கை ஸ்டியரிங்கில் இல்லை, கால் பிரேக்கில் இல்லை. ஆனாலும் மதுசார அளவு பற்றிய அதே தண்டனைப் பிரிவு அவருக்கும் பொருந்தும் என்று வீதிச் சட்டக்கோவை வெளிப்படையாகச் சொல்கிறது. ஓடுபவர் பிழைவிட்டால் கவனித்துத் தடுப்பதற்கென்றே ஒருவர் அங்கே இருக்கிறார், அந்த வேலைக்கு வெறியில் வரக்கூடாது என்பதுதான் அதன் நியாயம். இரண்டாம் படிக் காரில் இருப்பவரின் வேலையும் இதேதான். அந்த அப்பாவைவிட இவருக்குப் பொறுப்பு கூட, ஏனென்றால் திறப்பு இவர் கையில், பிரேக் இவர் காலுக்குக் கீழே. பக்கத்து இருக்கை அப்பாவுக்குப் பொருந்தும் சட்டம் சாரதி இருக்கையில் இருப்பவருக்குப் பொருந்தாது என்று எந்த நீதவானிடம் போய்ச் சொல்வது?

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலும் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒரு லீற்றர் இரத்தத்தில் 0.5 கிராம் மதுசாரம் என்பது எல்லை. பெர்மி (சாரதி அனுமதிப்பத்திரம்) எடுத்துச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கு 2015 ஜூலையிலிருந்து 0.2. கடையில் ஊற்றும் வழக்கமான ஒரு கிளாஸ் ஏறத்தாழ 0.2 முதல் 0.25 கிராம் வரை ஏற்றும் என்பதால், புதுப் பெர்மிக்காரருக்கு ஒரு கிளாஸுக்கும் இடமில்லை. நம்மவர் வீட்டில் ஊற்றும் பெக் கடைக் கிளாஸைவிடப் பெரியது. உடம்பு அதை மணிக்கு 0.1 முதல் 0.15 கிராம் அளவில்தான் கரைக்கும். கோப்பி குடிப்பதோ சோறு சாப்பிடுவதோ முகம் கழுவுவதோ அதை விரைவுபடுத்தாது. இரவு கொண்டாட்டத்தில் நன்றாகக் குடித்தவர் காலையில் வேலைக்குப் போகும்போதும் எல்லைக்கு மேலேயே இருக்கலாம். 0.5க்கும் 0.8க்கும் இடையில் பிடிபட்டால் 135 யூரோ தண்டமும் 6 புள்ளி இழப்பும். 0.8ஐத் தாண்டினால் அது நீதிமன்றத்துக்குப் போகும் குற்றம், சிறைக்கும் இடமுண்டு. ஊத மாட்டேன் என்று மறுப்பதும் குற்றம்தான்.

இனி நடந்தவற்றுக்கு வருவோம். 2018 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவின் பே பாலத்தில் ஒரு டெஸ்லாவுக்குள் சாரதி நினைவில்லாமல் கிடந்தார். அங்குள்ள எல்லையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் குடித்திருந்தார். எழுப்பியபோது கார் ஓட்டோபைலட்டில் இருந்ததாகப் பொலிஸாரிடம் சொன்னார். கைது செய்தார்கள். 2022 டிசம்பரில் ஜேர்மனியின் பாம்பேர்க் பக்கத்து நெடுஞ்சாலையில் ஒரு டெஸ்லா மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்க, சாரதி கண்ணை மூடிச் சாய்ந்திருந்ததைப் பொலிஸார் கண்டார்கள். ஹோர்ன் அடித்தும் கால் மணிநேரம்வரை அவர் எழும்பவில்லை. போதைப்பொருள் எடுத்திருந்தார் என்ற சந்தேகம். காலடியில், ஸ்டியரிங்கில் மாட்டினால் கை இருப்பதாகக் காரை நம்பவைக்கும் ஒரு பாரக்கட்டி கிடந்தது. அந்த வேகத்தில் கார் ஒரு செக்கனுக்கு 30 மீற்றர் போகும்.

இந்த இரண்டிலும் யாருக்கும் உயிர் போகவில்லை என்பதால் சிலர் இவற்றைத் தங்களுக்குச் சாதகமான சாட்சியாகவே எடுக்கிறார்கள். ஆகையால் டெக்சாஸுக்குப் போவோம். 2021 பெப்ரவரி 27, ஹூஸ்டனுக்கு வடக்கே மொன்ட்கொமரி கவுண்டி. நெடுஞ்சாலையில் பொலிஸார் ஒரு வாகனத்தை மறித்து, விளக்குகள் சுழல நின்றுகொண்டிருந்தார்கள். ஓட்டோபைலட்டில் வந்த டெஸ்லா மொடல் எக்ஸ் ஒன்று நின்ற பொலிஸ் காரில் மோதியது. பொலிஸார் ஐந்து பேர் காயமடைந்தார்கள். சாரதி வெறியில் இருந்தார். பிறகு வெளிவந்த காரின் பதிவுகளில் ஒரு விடயம் இருந்தது. அந்த அரை மணித்தியாலத்துச் சொச்சப் பயணத்தில், கவனமாக இருக்கச் சொல்லி, கையை ஸ்டியரிங்கில் வைக்கச் சொல்லிக் கார் 150 தடவை எச்சரித்திருந்தது. அவர் ஒவ்வொரு தடவையும் கையை வைத்திருக்கிறார், காரும் திருப்திப்பட்டுத் தொடர்ந்து ஓடியிருக்கிறது. கை பதில் சொல்லிக்கொண்டிருந்தது. முன்னால் சுழன்ற விளக்குகளைக் காணும் மூளைதான் அங்கே இல்லை.

நின்ற வாகனத்தில் போய் இடிப்பது தற்செயல் என்று நினைக்க வேண்டாம். இந்தவகை வசதிகள் அசைந்துகொண்டிருக்கும் வாகனத்தைப் பின்தொடர்வதில் கெட்டி. அசையாத பொருள்களில் தடுமாறும். வீதிக்கு மேலே உள்ள பெயர்ப்பலகையையும் ஓரத்துக் கம்பியையும் கண்டு ஒவ்வொரு தடவையும் பிரேக் போட்டால் பின்னால் வருபவர் வந்து மோதுவார் என்பதற்காக, ராடர் காட்டும் அசையாத பொருள்களைப் பெரும்பாலும் தள்ளிவிடும்படியே நெடுங்காலம் வடிவமைத்தார்கள். அவசர உதவி வாகனங்களில் மோதிய விபத்துகள் குவிந்ததால்தான் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2021 ஓகஸ்டில் விசாரணை தொடங்கியது. 2023 டிசம்பரில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட டெஸ்லா கார்கள் திருத்தத்துக்கு உள்ளாகின.

பிலடெல்பியாவில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2024 மார்ச் 3, அதிகாலை மூன்று மணி கழிந்த நேரம். ஒரு சிறிய விபத்துக்குப் பிறகு நெடுஞ்சாலையில் வாகனங்கள் நிற்கின்றன, ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள். போர்ட் கொம்பனியின் மின்சார மஸ்டாங் ஒன்று, கையை எடுத்துவிட்டு ஓடலாம் என்று விற்கப்படும் புளூகுரூஸ் இயக்கத்தில், மணிக்கு 110 கிலோமீற்றருக்கு மேல் வந்து மோதியது. இரண்டு ஆண்கள் செத்துப்போனார்கள். ஓட்டிவந்த இளம்பெண்மீது, குடித்துவிட்டு வாகனம் ஓடி உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றச்சாட்டு அதே வருடம் பதிவானது. நான் ஓடாத காருக்கு எனக்கு எப்படி வழக்கு என்று கேட்பவர், அந்த இரண்டு பேருடைய வீட்டுக்காரர் முன்னால் இருந்து இதைக் கேட்பாரா?

குடித்தவர் கார் ஓடுவதற்குத் தகுதியில்லை, ஆனால் கண்காணிப்பதற்குப் போதும் என்ற எண்ணம்தான் இந்த வாதத்துக்கு வேர். கண்காணிப்பு இலகுவான வேலை என்று நினைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ராடர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரித்தானியப் படையினர் ஏன் எதிரியின் தடத்தைத் தவறவிடுகிறார்கள் என்று ஆராய்ந்த மக்வேர்த் என்ற உளவியலாளர், 1948இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். வெறும் வட்டத்தில் ஒரு முள் தட்டுத்தட்டாக நகரும். எப்போதாவது இரண்டு தட்டுத் தாவும், அதைக் கண்டவுடன் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் வேலை. குடிக்காத, ஆரோக்கியமான, கவனமாக இருக்க விரும்பிய ஆட்களே அரை மணிநேரத்துக்குள் தவறவிடத் தொடங்கினார்கள். 1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற இன்னொரு உளவியலாளர் இதைத் தொழிற்சாலைகளுக்கும் விமானங்களுக்கும் பொருத்தி எழுதினார். இயந்திரம் எவ்வளவு திறமையாக வேலை செய்கிறதோ, அவ்வளவுக்குக் கண்காணிக்கும் மனிதரின் கவனம் மங்கும். கடைசியில் அவரிடம் வந்து சேர்வதோ இயந்திரத்தாலும் முடியாத மிகக் கடினமான கணம். குடிக்காதவருக்கே இந்த நிலை. மதுசாரம் கைநடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவருவதற்கு வெகு முன்பே, சட்ட எல்லைக்குக் கீழான அளவிலேயே, ஒரே நேரத்தில் பலதைக் கவனிக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. ஆக, கார் எதைத் தன்னால் செய்ய முடியாமல் உங்களிடம் விட்டிருக்கிறதோ, அதைத்தான் முதலாவது கிளாஸ் எடுத்துக்கொண்டு போகிறது.

இனி இந்தத் தரப்பின் ஆகச் சிறந்த வாதம். அதை நேர்மையாகவே எதிர்கொள்ள வேண்டும். “எப்படியும் குடித்துவிட்டு ஓடுபவன் ஓடத்தான் போகிறான். அவனுக்கு இந்த வசதி இருந்தால் உயிர்கள் மிஞ்சும்.” 2021 ஜூலையில் நோர்வேயில் நடந்ததைக் காட்டுகிறார்கள். அங்கே நினைவிழந்த சாரதியுடன் வந்த டெஸ்லா, கைகொடுக்க ஆளில்லாததால் தானே வேகத்தைக் குறைத்து நின்றது. நல்லது. ஆனால் அது நின்ற இடம் நெடுஞ்சாலையின் சுரங்கப்பாதைக்குள். பின்னால் வந்தவர்கள் கவனமாக இருந்ததால் தப்பினார்கள். அன்று உயிர்களைக் காத்ததில் குடிக்காத மற்றச் சாரதிகளின் கண்ணுக்கும் பங்கு உண்டு.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் குடிகாரரின் காரில் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி இருப்பது நல்லதா என்றால், நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. அது ஓடத் தொடங்கிய பிறகு வரும் கேள்வி. வழக்குப் போடலாமா, தண்டனையைக் குறைக்கலாமா என்பது ஓடத் தொடங்குவதற்கு முன் மனிதர் எடுக்கும் முடிவைப் பற்றியது. புறநகர் மண்டபம் ஒன்றில் சாமத்தியச் சடங்கோ பிறந்தநாளோ முடிந்து, இரவு ஒரு மணிக்கு வாகனத் தரிப்பிடத்தில் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். பனி பெய்கிறது, பிள்ளை பின் இருக்கையில் நித்திரை. மனைவி “நான் ஓடுறன், திறப்பைத் தாங்கோ” என்கிறார். முன்பென்றால் மனிதர் கொஞ்சம் முறுகிவிட்டுக் கொடுத்திருப்பார், அல்லது யாராவது குடிக்காத தம்பி கொண்டுபோய் விட்டிருப்பான். இப்போது அவர், “தேவையில்லை, காரே ஓடும்” என்கிறார். ஓட்டோபைலட் இருந்தபடியால்தான் எடுத்தேன் என்று சொல்பவர், அது இல்லாவிட்டால் எடுத்திருக்க மாட்டேன் என்றுதானே சொல்கிறார்? அப்படியென்றால் அந்த வசதி அவரை வீதியிலிருந்து காப்பாற்றவில்லை, வீதிக்குக் கொண்டுவந்திருக்கிறது. எப்படியும் ஓடத்தான் போகிறான் என்ற முதல் அடியே அவருடைய வாக்குமூலத்தால் உடைந்துபோகிறது. இதற்குமேல் சட்டமும் தண்டனையைக் குறைத்தால், தரிப்பிடத்தில் திறப்புக்காக மன்றாடும் அந்தப் பெண்ணிடம் எஞ்சியிருக்கும் ஒரேயொரு வாதத்தையும் பறித்துவிடும். இன்றைக்கு அவர், “பொலிஸ் பிடிச்சால் பெர்மி போயிடும்” என்றாவது சொல்லலாம்.

சட்டம் பழையது என்பதும் உண்மையில்லை. பிரான்ஸ் 2021 ஏப்ரல் 14ஆம் திகதிக் கட்டளை மூலம் தானியக்க வாகனங்களுக்கான பொறுப்பு விதிகளைத் தனியாக எழுதியது. 2022 செப்டெம்பர் முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இது மூன்றாம் படி வாகனங்களையும் கருதியது. குறித்த நிபந்தனைகளுக்குள் இயந்திரம் ஓடும்போது, அந்த ஓட்டத்தால் வரும் தவறுக்குச் சாரதிமேல் குற்றப் பொறுப்பு இல்லை என்று அது சொல்கிறது. நம்மவர் சிலர் இந்த முதற்பாதியை மட்டும் கேட்டுவிட்டு மகிழ்கிறார்கள். மீதிப் பாதி, இயந்திரம் திரும்ப எடுக்கச் சொன்னால் எடுக்கும் நிலையில் சாரதி இருக்க வேண்டும் என்கிறது. எடுக்கச் சொல்லியும் எடுக்காவிட்டால் பொறுப்பு மறுபடியும் அவர் தலையில். இந்தவகை வாகனங்களுக்கான ஐ.நா. விதியில், அழைப்பு வந்ததும் சாரதிக்குக் கிடைக்கும் அவகாசம் 10 செக்கன் அளவு. நெடுஞ்சாலையின் 130 கிலோமீற்றர் வேகத்தில் அந்த 10 செக்கனுக்குள் கார் 360 மீற்றர் கடந்துவிடும். வெறியில் நித்திரையானவர் விழித்து, எங்கே இருக்கிறேன் என்று உணர்ந்து, கண்ணாடி பார்த்து, ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள் என்ன நடக்கும்?

பிரித்தானியாவின் 2024ஆம் ஆண்டுத் தானியக்க வாகனச் சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. கார் ஓடிய விதத்துக்குப் பொறுப்பிலிருந்து இருக்கையில் இருப்பவருக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அவர் ஓடத் தகுதியான நிலையில் இருக்க வேண்டும், குடித்திருக்கக் கூடாது. லண்டனில் உள்ள உறவினரிடம் இருந்து வரும் “அங்க சட்டம் மாறிட்டுதாம்” என்ற வட்ஸ்அப் செய்தியை நம்பிக் காரை எடுக்காதீர்கள்.

கொம்பனிகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தானாக ஓடும் என்று மக்கள் எண்ணும்படி பெயர் வைத்து, விளம்பரத்தில் கையை எடுத்துக் காட்டி விற்றுவிட்டு, சிறிய எழுத்தில் பொறுப்பு உங்களுடையது என்று எழுதுவது நாணயமான வியாபாரம் இல்லை. அவர்களையும் கூண்டில் ஏற்ற வேண்டும், ஏற்றுகிறார்கள். 2019இல் புளோரிடாவில் ஓட்டோபைலட்டில் வந்த கார் ஒன்று, வீதியோரம் நின்ற வாகனத்தில் மோதி ஓர் இளம்பெண் இறந்தார். கீழே விழுந்த தொலைபேசியைத் தேடிய சாரதி வீதியைப் பார்க்கவில்லை. 2025 ஓகஸ்டில் மயாமி ஜூரி, அந்தக் குற்றத்தில் 33 வீதத்தை டெஸ்லாமேல் சுமத்தியது. கொம்பனி கட்ட வேண்டிய தொகை 240 மில்லியன் டொலருக்கு மேல் வந்தது. மீதி 67 வீதம் சாரதியுடையது. கொம்பனி பிழைவிட்டது என்று நிரூபித்தாலும் இருக்கையில் இருந்தவர் வீட்டுக்குப் போய்விட முடியாது என்று அந்த ஜூரி கண்டது. அவர் குடித்திருக்கவும் இல்லை.

தொழில்நுட்பத்துக்கு நான் எதிரியில்லை. கார் து நோர் நிலையத்தில் இறங்கி நாலாம் இலக்க மெத்ரோவில் ஏறிப் பாருங்கள். 2023 முடிவிலிருந்து அதில் சாரதியே இல்லை. அதில் வெறியில் ஏறுபவர்மேல் யாரும் குடித்துவிட்டு ஓடியதாக வழக்குப் போடுவதில்லை, ஏனென்றால் அவர் தொடக்கூடிய ஸ்டியரிங்கோ பிரேக்கோ அங்கே கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் சாரதி இல்லாத வேமோ டாக்சியின் பின் இருக்கையில் போகும் குடிகாரரும் வெறும் பயணிதான். அப்படிப்பட்ட கார் பாரிசுக்கு வந்தால் முதலில் வரவேற்று எழுதுபவன் நானாக இருப்பேன். இன்று விற்கும் கார் அது இல்லை.

குடித்தவரை ஓடவே விடாத தொழில்நுட்பம் கூட இருக்கிறது. ஊதிக் காட்டினால்தான் இயந்திரம் தொடங்கும். பிரான்ஸில் சுற்றுலா பஸ்கள் எல்லாவற்றிலும் 2015 செப்டெம்பரிலிருந்து அது கட்டாயம். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து பதிவாகும் புதுக் கார்களில் அதைப் பூட்டுவதற்கான வசதி இருக்க வேண்டும். புதுமையை நம்புகிறோம் என்பவர்கள், குடித்தவருக்கு உதவும் கருவியைக் கேட்பதைவிட்டு இந்தக் கருவியைக் கேட்கட்டும்.

நம்மவருக்கு இதில் இழப்பு மற்றவரைவிடப் பெரியது. புதுப் பெர்மி முதல் வருடம் 6 புள்ளியில்தான் தொடங்குகிறது. ஒரு தடவை பிடிபட்டால் ஆறும் போய்ப் பெர்மி செல்லாது. ஊபர் போன்றவற்றுக்கு ஓடிக் குடும்பம் நடத்தும் தம்பிமாருக்கு, பாதிப் புள்ளி பறிபோகும் குற்றத்தில் தீர்ப்பாகினால் தொழில் அட்டையே கேள்விக்குறி. குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவரின் கோவையிலும் குற்றப் பதிவைப் பார்ப்பார்கள். காப்புறுதி, அடிபட்ட மற்றவருக்குக் கொடுக்கும். குடித்திருந்த சாரதியின் சொந்தக் காருக்கும் அவருடைய சொந்தக் காயத்துக்கும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஒன்றும் தராது. விபத்துக்குப் பொறுப்பானால் அடுத்த தவணையில் 150 வீதம் வரை மேலதிகமாகக் கேட்கலாம். 2025 ஜூலையில் வந்த வீதிக் கொலைச் சட்டப்படி, குடித்துவிட்டு ஓடி ஒருவர் இறந்தால் 7 வருடம் வரை சிறை. அந்தச் சட்டத்தில் ஓட்டோபைலட்டுக்கு என்று ஒரு சலுகை வரியும் இல்லை.

“மண்டபம் தூரம், இரவில பஸ் இல்லை, டாக்சிக்குக் காசு கூட” என்பது கடைசியாக வரும் சமாதானம். தூரம் உண்மைதான். ஸ்டாலின்கிராட்டிலிருந்து ஐந்தாம், ஏழாம் இலக்க மெத்ரோக்கள் பொபினிக்கும் லா கூர்னேவுக்கும் போகின்றன. வெள்ளி, சனி இரவுகளில் இரண்டே கால் மணி வரை ஓடும், பிறகு நொக்திலியன் பஸ் இருக்கிறது. மெத்ரோ எட்டாத இடத்தில்தான் மண்டபம் என்றால், அதைப் பிடிக்கும் நாளிலேயே விருந்தினரைக் கொண்டுபோய் விட ஒரு மினிபஸ்ஸையும் பிடிக்கலாம். கேக்குக்கும் வீடியோவுக்கும் பூ அலங்காரத்துக்கும் பட்டியல் போடும் நாம் அதையும் அந்தப் பட்டியலில் எழுதலாம். அதற்கு ஒழுங்கு செய்யும் பொறுப்பு, போத்தல் வாங்கும் பொறுப்பை எடுத்தவரிடமே இருக்கட்டும்.